கடைவீதியில் தெருவிழா: ஊருக்குச் சொல்வது எப்படி?

மெயின்கார்டுகேட் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். திருச்சி தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு சனி, ஞாயிறு மாலை 5 முதல் 10 வரை வண்டிகளை நிறுத்திவிட்டு, மக்கள் நடந்து சுற்றும் தெருவிழா ஒன்று நடத்தலாம் என்று வணிகர்கள் தரப்பில் பேச்சு. மாநகராட்சியையும் சேர்த்துக்கொள்ளக் கேட்கப் போகிறோம். நாட்டுப்புறக் கலை, தீனிக் கடைகள், பிள்ளைகளுக்கு விளையாட்டு, அவ்வளவுதான். சினிமா முகம் எதுவும் வரப்போவதில்லை. எடுக்க நினைக்கும் தெருநீளம் சுமார் 300 மீட்டர், சராசரி அகலம் 12 மீட்டர்.

விளம்பரத்துக்கு மட்டும் ஒன்றரை லட்சம் ஒதுக்கலாம். மூத்தவர்கள் 'நாலு முக்கில் பெரிய பிளெக்ஸ், எஃப்எம்மில் ஒரு விளம்பரம், போதும்' என்கிறார்கள். இளைஞர்கள் 'இன்ஸ்டா இருக்கும்போது காகிதம் எதுக்கு' என்கிறார்கள். எது உண்மையில் ஆளைக் கொண்டுவரும்? எத்தனை நாள் முன்னால் தொடங்க வேண்டும்? மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப முடியுமா? எந்த விளம்பரம் வேலை செய்தது என்று பிறகு எப்படித் தெரிந்துகொள்வது? இன்னொன்று, தெருவை அடைத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று முனகும் கடைக்காரர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களை எப்படி உள்ளே இழுப்பது?


அச்சுமை:

அண்ணே, முதல்ல அந்த பிளெக்ஸை விட்டுடுங்க. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஸ்கூட்டரில் போன இளம்பெண் இறந்த பிறகு, அனுமதியில்லாத பேனர் என்றால் நீதிமன்றம் விடுவதில்லை. மாநகராட்சி பேரையும் போட்ட விழாவுக்கு அனுமதி வாங்காத பேனர் தொங்கினால், மறுநாள் பேப்பரில் விழா வராது, பேனர்தான் வரும். கண்ட சுவரில் போஸ்டர் ஒட்டுவதும் வேண்டாம். பொது இடங்களை அலங்கோலமாக்குவதைத் தடுக்கும் 1959ஆம் வருஷத்துச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கு.

கட்டியே ஆகணும்னா அனுமதியோடு, விழாத் தெருவுக்குள் நுழையும் வாய்களில் மட்டும் துணிப் பதாகை கட்டுங்க. எழுத்து உயரத்துக்கு ஒரு கணக்கு இருக்கு: மூன்று மீட்டர் தூரத்துக்கு 25 மி.மீ. அப்போ 30 மீட்டருக்கு அப்பாலிருந்து படிக்கணும்னா 25 செ.மீ. எழுத்து. அந்த உயரத்தில் ஏழெட்டு வார்த்தைக்கு மேல் நிற்காது. நிகழ்ச்சியின் பேர், நாள், நேரம். தலைவர்கள் படம், வரவேற்போர் பட்டியல் எல்லாம் ஏறினால் தேதி ஒரு மூலைக்குப் போயிடும். நம்ம ஊர் பேனர்களில் பாதிக்கு அதுதான் வியாதி. எழுத்துரு ரொம்பப் பட்டையா எடுக்காதீங்க. சுழியும் கொம்பும் அடைபட்டு, தூரத்தில் ண எது, ன எது என்று தெரியாது. நடுத்தரத் தடிமன் போதும்.

பணத்தைப் பிட் நோட்டீஸில் போடுங்க. டெம்மி 1/8 அளவு (ஏறக்குறைய ஏ4 தாளில் பாதி), 70 ஜிஎஸ்எம் கனத் தாள், ஒற்றை வண்ணம். ஆனா இரண்டு பக்கமும் அடிக்கணும். முன்பக்கம் என்ன, எப்போ, எங்கே, 'அனுமதி இலவசம்'. பின்பக்கம் முழுக்க வரைபடம்: எந்தத் தெரு மூடல், பஸ் எங்கே நிற்கும், வண்டியை எங்கே விடலாம், கழிப்பறை எங்கே, பிள்ளை தவறினால் எங்கே கேட்கணும். குடும்பத்தோடு வருகிற பெண்கள் முதலில் பார்க்கிறது இந்தப் பின்பக்கத்தைத்தான். கழிப்பறை இடம் போடாத நோட்டீஸ் பாதி நோட்டீஸ்.

20,000 அடிக்கிறீங்கன்னு வைங்க. 8,000 பேப்பருக்குள் வைக்க, 7,000 கடைக் கல்லாக்களுக்கு, மீதி 5,000 பஸ் நிலையம், டீக்கடை, பள்ளி, கல்லூரி, குடியிருப்போர் சங்கங்களுக்கு. பேப்பருக்குள் வைப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. ஏஜென்ட்டுகள் விடியற்காலையில் கட்டுப் பிரித்து அங்கேயே நோட்டீஸ் சொருகுவாங்க. அதனால் நோட்டீஸ் முந்தின நாள் சாயங்காலமே அவங்க கையில் இருக்கணும். நூறு நூறாக் கட்டி, எந்த ஏரியாவுக்கு எத்தனை என்று மேலே எழுதிக் கொடுங்க. மொத்தமா ஒரு பண்டலாக் கொடுத்தா பேப்பர் போடுற முதல் இரண்டு லைனுக்கே எல்லாம் தீர்ந்து, சில வீட்டுக்கு மூணு போகும், மீதி ஏரியாவுக்கு ஒண்ணும் போகாது. ஞாயிற்றுக்கிழமை வைக்காதீங்க, அன்னைக்கு ஜவுளிக்கடை, பர்னிச்சர், டியூஷன் நோட்டீஸோடு உங்களதும் ஒரே உதறலில் கீழே விழும். விழா சனி என்றால் வியாழன் காலை சரி.

அதே பேப்பர்களில் மாவட்டப் பக்கத்தில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதி வரும். காசு கிடையாது. ஒரே தாளில் நாள், கிழமை, நேரம், இடம், நடத்துபவர், தொடர்பு எண் எழுதி, இரண்டு நாள் முன்னாடியே அலுவலகத்தில் கொடுங்க. முந்தின நாள் ராத்திரி கொண்டுபோனா பக்கம் முடிஞ்சிருக்கும்.

மைக் கட்டின ஆட்டோ விடுறதா இருந்தா அறிவிப்பு 12 விநாடிக்கு மேல் போகக் கூடாது. ஆட்டோ 15 கி.மீ. வேகத்தில் போனாலே விநாடிக்கு நாலு மீட்டருக்கு மேல் நகரும். 30 விநாடி அறிவிப்பு என்றால் ஒரு வீட்டைக் கடக்கும்போது நடுத்துண்டு மட்டும்தான் காதில் விழும். பாட்டு கேட்டிருக்கும், தேதி கேட்டிருக்காது. 10 கி.மீ. வேகம், 12 விநாடி அறிவிப்பு, இடையில் மூணு விநாடி மௌனம். ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை விழும். ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதி வேணும், ராத்திரி 10 முதல் காலை 6 வரை கிடையவே கிடையாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். டிரைவரிடம் தெருப் பட்டியலையே எழுதிக் கொடுங்க. 'அங்க அணைச்சுடு' என்று வாயால் சொன்னால் அணைக்க மாட்டார்.

கடைக்காரர் முனகலுக்கு என் பதில்: அவங்களை விளம்பரம் செய்ய வையுங்க. பில்லிங் மென்பொருளில் பில் அடியில் 'நன்றி, மீண்டும் வருக' என்று வருதே, அந்த இடத்தில் விழாத் தேதியை மாத்தணும். மூணு வாரத்தில் அந்தத் தெருவில் எத்தனை பில் கிழியும்னு பாருங்க. செலவு சுழியம். ஆனா ஒரு சிக்கல் வரும். பில் அடிக்கிற தெர்மல் பிரிண்டர் நிறையவற்றில் தமிழ் எழுத்து கிடையாது; தமிழில் தட்டினா கேள்விக்குறி வரிசையா வரும். வரியை ஒரு கறுப்பு வெள்ளைப் படமாச் செய்து, லோகோ வைக்கிற இடத்தில் ஏற்றினால் அச்சாகும். அகலம் 58 மி.மீ. ரோலா 80 மி.மீ. ரோலா என்று கேட்டு இரண்டு அளவில் படம் செய்து கொடுத்துடுங்க. கடைக்காரரே செய்துக்குவார்னு விட்டா நடக்காது.


எழுபதுஎழுத்து:

அச்சுமை சொன்னதில் பெரும்பகுதி சரி. எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சங்கத்திலிருந்து யாரோ ஒருவர் தன் எண்ணிலிருந்து ஐயாயிரம் பேருக்கு அனுப்புவது வேண்டாம், எண்ணே முடங்கும். மொத்த எஸ்எம்எஸ்ஸுக்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகள்படி, டிஎல்டி என்ற இணையப் பதிவுத் தளத்தில் பதிவு வேண்டும். அனுப்பும் அமைப்பு, அனுப்புநர் பெயராகத் தெரியும் அதன் ஆறெழுத்துத் தலைப்பு, செய்தியின் வார்ப்புரு (மாதிரி வாசகம்) என்று மூன்றையும் தனித்தனியாகப் பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும். புதிதாகப் பதிகிற சங்கத்துக்கு இதற்கே இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள். மாநகராட்சி சேர்ந்தால் அவர்களிடம் ஏற்கெனவே பதிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் வார்ப்புரு ஒப்புதல் மட்டும்தான் பாக்கி. சங்கம் தனியாக அனுப்பினால் அது விளம்பரச் செய்தி. தொல்லை வேண்டாம் என்று பதிந்து வைத்தவர்களுக்குப் போகாது.

ஒப்புதல் ஆன வார்ப்புருவும் அனுப்புகிற செய்தியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரு இடைவெளி கூடினால்கூட செய்தி நின்றுவிடும், எங்கே நின்றது என்றும் உடனே தெரியாது. 2024 அக்டோபரிலிருந்து செய்திக்குள் இணைப்பு வைத்தால் அந்த இணைப்பையும் முன்பே பதிந்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் யாராவது சுருக்கி எடுத்த இணைப்பைச் சொருகினால் மொத்தமும் தடைபடும்.

அடுத்து நீளம். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம். தமிழில் 70தான். தாண்டினால் துண்டுக்கு 67 என்று கணக்கிட்டு இரண்டு செய்திக்கான காசு வாங்குவார்கள். அந்த 70ம் நாம் எண்ணுகிற எழுத்து இல்லை. புள்ளி, கொம்பு, கால் ஒவ்வொன்றும் ஒரு இடம். 'தெப்பக்குளம்' கண்ணுக்கு ஏழு எழுத்து, கணினிக்கு 12. 'வெள்ளிக்கிழமை' 13 இடம் தின்னும். 'சனி' மூன்றோடு முடிந்தது. ஒரு மாதிரி தருகிறேன்:

சனி, ஞாயிறு மாலை 5-10 தெப்பக்குளம் தெருவிழா. பஸ்ஸில் வாங்க.-மாநகராட்சி

நிறுத்தக்குறி, இடைவெளி எல்லாம் சேர்த்துச் சரியாக 70. இதில் தேதி இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆகவே அந்த வாரம் வியாழனுக்கு முன்னால் அனுப்பக் கூடாது. எந்தச் சனி என்ற குழப்பம் வரும். தேதி சேர்க்க வேண்டும் என்றால் 'பஸ்ஸில் வாங்க' போகும். எனக்குப் பஸ்தான் முக்கியம்.

வாட்ஸ்அப் படத்தில் இதற்கு நேர்மாறு: தேதி, கிழமை, வருடம் மூன்றும் கட்டாயம். வருடம் போடாத அழைப்பு அடுத்த வருடம் அதே மாதம் மறுபடியும் ஊர் சுற்றும், இல்லாத விழாவுக்கு ஆள் வந்து நிற்பார்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும் என்பதால் பொடி எழுத்து பத்து கை மாறுவதற்குள் மங்கிவிடும். நிலைத்தகவலுக்கு (ஸ்டேட்டஸ்) 1080க்கு 1920 பிக்சல் அளவில் தனியாக ஒரு படம் செய்யுங்கள். படத்துக்குக் கீழே அதே விவரத்தைத் தட்டச்சிலும் போட்டால் பிறகு தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும். படத்துக்குள் இருக்கும் தேதி தேடலில் வராது. குழு தொடங்காதீர்கள். 1024 பேரோடு நின்றுவிடும், அதற்குள் காலை வணக்கம் வந்து குவிந்துவிடும். சேனல் தொடங்குங்கள், நீங்கள் மட்டும் பேசலாம்.

விவரப் பக்கத்துக்குக் கொண்டுபோகும் கியூஆர் குறியீட்டை, போனில் படிக்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் அச்சிடுங்கள். கல்லாவில் கைக்கெட்டும் தூரம் என்றால் 3 செ.மீ. போதும், தூணில் ஒரு மீட்டர் தள்ளி நின்று எடுப்பதற்கு 10 செ.மீ. சுற்றிலும் வெள்ளை ஓரம் விட வேண்டும். வடிவமைப்பாளர்கள் அதை வெட்டிவிடுவது வாடிக்கை. பளபளப்பான லேமினேஷன் போட்டால் இரவில் விளக்கு வெளிச்சம் தெறித்துப் படிக்காது. இலவசத் தளங்களில் செய்கிற மாற்றத்தக்க குறியீடு (போய்ச் சேரும் இணைப்பைப் பிறகு மாற்றக்கூடியது) சோதனைக் காலம் முடிந்ததும் செத்துவிடும். நோட்டீஸ் அடித்து முடித்த பிறகு அது தெரியவந்தால் ஒன்றும் செய்ய முடியாது. நிலையான குறியீடு எடுத்து, மாறாத ஒரு பக்கத்துக்கு விடுங்கள். பக்கத்தின் உள்ளே என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

எஃப்எம் பற்றி: மாலை ஆறிலிருந்து எட்டு வரை வீடு திரும்புகிற நேரம், காலை எட்டிலிருந்து பத்து வரை வேலைக்குப் போகிற நேரம், இதற்கு வெளியே வாங்காதீர்கள். பத்து நாளுக்குப் பரப்புவதைவிடக் கடைசி மூன்று நாளில் நெருக்கமாகப் போடுங்கள்.


நெரிசல்கணக்கு:

எல்லோரும் ஆளைக் கூட்டுவது பற்றியே பேசுகிறார்கள். எத்தனை பேரைக் கூட்டலாம் என்பதை முதலில் போடுங்கள்.

12 மீட்டர் அகலத்தில் இரண்டு பக்கமும் கடைக்கு இரண்டிரண்டு மீட்டர் போனால் நடக்க 8 மீட்டர். 300 மீட்டர் நீளத்துக்கு 2,400 சதுர மீட்டர். இதிலேயே ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் நுழைய நாலு மீட்டர் வழி எந்த நேரமும் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த வழியில் ஆள் நடக்கலாம். மேசை, நாற்காலி, மேடை எதுவும் வைக்கக் கூடாது. சதுர மீட்டருக்கு இரண்டு பேர் வரை நிம்மதியாக நடக்கலாம், நாலு ஆனால் தள்ளல் தொடங்கும், ஐந்தைத் தாண்டினால் ஆபத்து. ஆக ஒரே நேரத்தில் உங்கள் தெரு தாங்குவது 4,800. மேடை முன்னாலும் தீனிக்கடை முன்னாலும் ஆள் தேங்கும் என்பதால் 4,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒன்றரை மணி நேரம் இருப்பார் என்றால், ஐந்து மணி நேரத்தில் காகிதத்தில் 13,000 பேர் வந்து போகலாம். ஆனால் கூட்டம் சீராக வராது. ஏழு முதல் எட்டரைக்குள்ளேயே பாதி வரும். அதனால் ஒரு மாலைக்கு 8,000 என்பதே உங்கள் உச்சம்.

விளம்பரம் இந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சிக்குச் சுமார் 15 லட்சம் பேர் வந்ததாகச் சொன்னார்கள். அழைப்பு ஊரெங்கும் போய்ச் சேர்ந்தது, திரும்பிப் போகும் வழி போய்ச் சேரவில்லை. காலை 11 முதல் பகல் 1 வரை வெயில், முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள், பறக்கும் ரயில் நிலையங்கள் திணறின, தண்ணீர் கிடைக்கவில்லை. ஐந்து பேர் இறந்தார்கள். அளவில் உங்கள் விழா அதன் பக்கத்தில்கூட வராது. ஆனால் பிழையின் வகை அதேதான் வரும்: நேரத்தை மட்டும் சொல்லி, வந்து போகும் வழியைச் சொல்லாமல் விடுவது.

ஆகவே 'இரவு 8 மணிக்கு மாபெரும் கலைநிகழ்ச்சி' என்று ஒற்றை உச்சத்தை விளம்பரப்படுத்தாதீர்கள். பிள்ளைகள் விளையாட்டு 5 முதல் 7, பறையும் ஒயிலும் 6.15க்கு ஒரு முறை, 8.45க்கு மறுபடியும் என்று பிரித்து, நோட்டீஸில் அந்த நேரங்களையே போடுங்கள். ஒரே நிகழ்ச்சி இரண்டு முறை உண்டு என்று தெரிந்தால் கூட்டம் தானாகப் பிரியும். கடைசி அரைமணியில் மேடை நிகழ்ச்சி வேண்டாம், தீனிக்கடை மட்டும் இருக்கட்டும். கலைவது சிறுகச் சிறுக நடக்கும்.

போக்குவரத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. தீபாவளிக்குத் தெப்பக்குளத்தை ஒட்டிய கடைவீதியான என்.எஸ்.பி. சாலைப் பக்கம் போலீஸ் போடும் வாகன மாற்றத்துக்கு ஊர் பழகியிருக்கிறது. அதே தடுப்புப் புள்ளிகள், அதே நிறுத்துமிடங்களையே கேளுங்கள். புதிதாக ஒன்று கண்டுபிடித்தால் அதை ஊருக்குக் கற்றுக்கொடுக்கவே உங்கள் ஒன்றரை லட்சமும் போய்விடும். நோட்டீஸில் 'சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி நடக்கவும்' என்று பெரிதாகப் போடுங்கள். ஸ்ரீரங்கத்துக்கும் மத்தியப் பேருந்து நிலையத்துக்கும் ஓடும் 1ஆம் எண் பஸ்ஸை ஊரில் தெரியாதவர் இல்லை. அந்த ஒரு எண்ணைச் சொன்னாலே பாதி வழி சொன்னமாதிரி. வெளியூர்ப் பேருந்துகள் பெரும்பாலும் பஞ்சப்பூர்ப் புதிய பேருந்து முனையத்துக்குப் போய்விட்டதால், பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு அங்கிருந்து எந்த நகரப் பேருந்து என்பதையும் எழுத வேண்டும். போக்குவரத்துக் கழகத்திடம் இரவு 9.30க்கு மேல் கூடுதல் பஸ் கேட்டு, ஒப்புக்கொண்டால் மட்டும் அச்சிடுங்கள். 'கோரப்பட்டுள்ளது' என்று நோட்டீஸில் போடவே கூடாது.

மூடப்படும் தெருவுக்குள் குடியிருப்பவர்களுக்கு வேறு நோட்டீஸ். அது விளம்பரம் அல்ல, தகவல். வண்டியை எத்தனை மணிக்குள் வெளியே எடுக்க வேண்டும், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும். பத்து நாள் முன்பு வீடு வீடாகக் கையில் கொடுக்க வேண்டும். இதை விட்ட இடங்களில் முதல் நாளே தடுப்பை நகர்த்தச் சொல்லிச் சண்டை நடக்கும்.


மெயின்கார்டுகேட்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. 8,000 என்ற எண்ணைக் கூட்டத்தில் சொன்னால் பாதிப் பேருக்கு முகம் சுருங்கும், ஆனால் சொல்லத்தான் வேண்டும். இரண்டு கேள்வி பாக்கி. ஒன்று, எந்தத் தேதி? தீபாவளிக்கு முந்தைய மாதம் என்கிறார்கள் சிலர். இரண்டு, எது வேலை செய்தது என்று அளப்பது.


ஊர்சுற்றி:

தேதிக்கு நான் சொல்கிறேன் சார். தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம் அந்தத் தெருக்களுக்கு விழா தேவையே இல்லை, கூட்டம் தானாகவே கழுத்தை நெரிக்கும். போலீஸும் ஒத்துக்கொள்ளாது. மழைக்காலம் வேறு. ஆடிப்பெருக்கு அன்று ஊர் காவிரிக்கரை அம்மா மண்டபத்தில், வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில், சித்திரைத் தேருக்குச் சமயபுரத்தில். இந்த நாட்களில் போலீஸும் பஸ்ஸும் அங்கே போய்விடும். பெரிய முகூர்த்த நாளில் மண்டபங்களுக்குப் போகிற வண்டிகளே சாலையை நிரப்பும். இவற்றைக் கழித்து, சம்பளம் கையில் இருக்கிற மாத முதல் பத்து நாளுக்குள் வரும் சனி, ஞாயிறைப் பாருங்கள். பிப்ரவரி நல்லது, மார்ச்சில் பொதுத்தேர்வு, பிள்ளை படிக்கிற வீட்டிலிருந்து ஆள் வராது. தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வரக்கூடிய காலம் என்றால் மாநகராட்சி பெயரைப் போடுவதே சிக்கலாகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற ஊர்களிலிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு மூன்று விஷயம் இருக்கிறது. 2022 செஸ் ஒலிம்பியாட்டுக்கு அரசு செலவழித்த அளவை நம்மால் கனவிலும் தொட முடியாது. ஆனால் அதில் உள்ள சூட்சுமம் செலவில் இல்லை. சென்னை நேப்பியர் பாலத்தைச் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டமாக்கினார்கள், மக்களே போய்ப் படம் எடுத்துப் போட்டார்கள். ஆவின் பால் பாக்கெட்டில் விளம்பரம் அச்சிட்டார்கள், தினமும் வீட்டுக்குப் போகிற பொருளே செய்தியைத் தூக்கிப் போனது. அச்சுமை சொன்ன பில் வரி அதே வேலைதான். கட்டம் போட்ட பாலத்துக்குப் பதிலாக உங்களுக்குத் தெப்பக்குளமும் பின்னால் மலைக்கோட்டையும் இருக்கின்றன. ஒரு வாரம் முன்பே, குளமும் கோட்டையும் சேர்ந்து விழும் ஒரே ஒரு கோணத்தைத் தேர்ந்து, அங்கே தரையில் இரண்டு காலடி வரைந்து விளக்குப் போடுங்கள். அதற்கு மேல் அலங்காரத்தில் காசு போட வேண்டாம்.

சென்னை தினம் 2004லிருந்து கொண்டாடப்படுகிறது. அதற்கு ஒரு பெரிய மேடையே கிடையாது. ஆகஸ்ட் 22ஐ ஒட்டி நடைப்பயணம், பேச்சு, கண்காட்சி என்று அவரவர் நடத்துகிறார்கள், ஒருங்கிணைக்கிறவர்கள் நாட்காட்டியை மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள். நீங்களும் புத்தகக் கடையில் ஒரு வாசிப்பு, பாத்திரக் கடையில் பழைய எடைக்கல் கண்காட்சி, இனிப்புக் கடையில் செய்முறை என்று கடைக்காரர்களையே ஆளுக்கொரு சின்ன நிகழ்ச்சி நடத்தச் சொல்லி நோட்டீஸில் அவர்கள் கடைப் பெயரோடு போடுங்கள். தன் பெயர் அச்சான நோட்டீஸை எந்தக் கடைக்காரரும் கல்லாவுக்கு அடியில் தள்ள மாட்டார். முனகல் பாதி அங்கேயே அடங்கும்.

இன்னொன்று கொலம்பியாவின் பொகோட்டா நகரம். அங்கே வண்டிகளை நிறுத்திச் சாலையை மக்களுக்கு விடும் வழக்கம் 1974இல் தொடங்கியது. ஞாயிறும் விடுமுறை நாட்களும் காலை 7 முதல் பகல் 2 வரை, நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலை சைக்கிளுக்கும் நடப்பவருக்கும்தான். அந்த ஊரில் யாருக்கும் இன்று நோட்டீஸ் கொடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மாறாத கிழமை, மாறாத நேரம், மாறாத தெரு. முதல் விழா நோட்டீஸிலேயே அடுத்த தேதியை அச்சிட முடிந்தால் அச்சிடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை என்றால் ஒவ்வொரு முறையும் ஒன்றரை லட்சம் தண்டம்.


அச்சுமை:

அளக்கிறதுக்கு: பிட் நோட்டீஸை மூணு நிறத் தாளில் அடிங்க. பேப்பருக்குள் போனது மஞ்சள், கடைக் கல்லாவில் கொடுத்தது பச்சை, மீதிக்கு ரோஸ். தாளைக் கொண்டுவந்தா பிள்ளைக்கு ஒரு பலூன் இல்ல ஒரு சின்ன லட்டு. வாசலில் நிறத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி வைத்துப் போடச் சொல்லுங்க. ராத்திரி எண்ணினா விடை. நிறத்தாள் கொஞ்சம் விலை கூடும். கூடினாலும், அடுத்த தடவை எதை நிறுத்தலாம்னு தெரியறது அதைவிடப் பெரிய லாபம்.


எழுபதுஎழுத்து:

பெட்டி முறை நல்லது, ஆனால் பில், ரேடியோ, வாட்ஸ்அப் பார்த்து வந்தவர்கள் அதில் சிக்க மாட்டார்கள். கல்லூரி மாணவர் இரண்டு பேரை ஒவ்வொரு வாயிலிலும் நிறுத்தி, மாலைக்கு நூறு பேரிடம் ஒரே கேள்வி: 'முதலில் எப்படித் தெரிந்தது?' 'முதலில்' என்ற சொல் முக்கியம். இல்லாவிட்டால் கடைசியாகப் பார்த்ததைச் சொல்வார்கள், எல்லாப் பெருமையும் வாட்ஸ்அப்புக்குப் போய்விடும். வருகிற ஒவ்வொரு பத்தாவது ஆளிடம் கேட்கச் சொல்லுங்கள். விட்டால் தங்கள் வயதுக்காரர்களிடமே கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.


நெரிசல்கணக்கு:

தலை எண்ணிக்கைக்கு: ஒவ்வொரு வாயிலிலும் அரைமணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம், உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் தனித்தனியாக எண்ணி ஆறால் பெருக்கினால் அந்த அரைமணியின் கணக்கு. உள்ளே போனதில் வெளியே வந்ததைக் கழித்துக்கொண்டே வந்தால் இந்த நிமிடம் தெருவில் எத்தனை பேர் என்பது தெரியும். 3,500ஐத் தொடும்போதே எழுபதுஎழுத்து சொன்ன சேனலில் 'இப்போது கூட்டம் அதிகம், 8.30க்கு மேல் வரவும்' என்று போடுங்கள், வாயிலில் உள்ள காவலரிடமும் சொல்லுங்கள். 4,000 ஆகும் வரை காத்திருந்தால் தாமதம். கிளம்பி வந்துகொண்டிருப்பவர்கள் பஸ்ஸில் இருப்பார்கள்.

மழைக்கும் இதே ஏற்பாடு. நடக்குமா நடக்காதா என்ற முடிவு பகல் 2 மணிக்கு, ஒரே சேனலில், ஒரே ஆள் அறிவிக்க வேண்டும். அந்த 2 மணியையும் சேனல் பெயரையும் நோட்டீஸில் இப்போதே அச்சிட்டுவிடுங்கள். தீனிக்கடைக்காரர்கள் மாவு கரைப்பதற்கு முன்னால் அவர்களுக்கும் தெரிய வேண்டும்.